நாத்தனார் சிரித்த தட்டும் நீங்கள் ஒளித்த டின்னும்

கேள்வி: வணக்கம். நான் பீடோர் பக்கத்தில் இருக்கிறேன். வயது 38. முன்பு தோட்டத்து லயத்தில் இருந்தோம். இப்போது டவுனை ஒட்டிய தாமானில் வீடு. கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து நாத்தனார் வந்திருந்தார். நாங்கள் தின்பதைப் பார்த்து இருந்த நாளெல்லாம் ஒரே சிரிப்பு. மாமியார் ஜொகூரில் பிறந்தவர். பீசாங் கோரேங்கை, அதாவது பொரித்த வாழைப்பழத்தை, கிச்சாப் (சோயா சாஸ்) சம்பலில் தொட்டுத்தான் சாப்பிடுவார். அவருக்கு இனிப்புநீர் உண்டு. கணவர் டுரியான் காலம் வந்தால் சுடுசோற்றில் தேங்காய்ப்பால் ஊற்றி டுரியானைப் பிசைந்து சாப்பிடுவார். 16 வயது மகள் மேகியை வேகவைக்காமல் நொறுக்கி, மசாலாத் தூளைக் கொட்டிக் குலுக்கித் தின்கிறாள். 9 வயது மகன் ரொட்டியில் டின்பாலைத் தடவி அதன்மேல் மைலோத் தூளைத் தூவுகிறான். கொய்யாப்பழம் என்றால் எல்லோருக்குமே உப்பும் புளிப்புமான அசாம்போய்த் தூள் வேண்டும். "இப்படித் தின்றால் வியாதிதான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார் நாத்தனார். இதில் எது கெடுதல்? டுரியான் தின்றுவிட்டு பீர் குடித்தால் ஆள் போய்விடுவார், மீனும் தயிரும் சேர்ந்தால் வெண்குஷ்டம் வரும் என்று மாமியார் சொல்கிறாரே, அது உண்மையா?

கடைசியாக ஒன்று. சோற்றுக்கு அரிசி களையும்போது நான் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மெல்லுவேன். இரண்டு வருடமாக இருக்கிறது. இப்போது ஒரு பழைய டின்னில் தனியாகப் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். ஐஸ் கட்டியும் கடிப்பேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. இதுவும் ஒரு பழக்கம்தானே?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மாமியார், கணவர், பிள்ளைகள் என்று எல்லோரைப் பற்றியும் விவரமாக எழுதிவிட்டு, உங்களைப் பற்றி மட்டும் "கடைசியாக ஒன்று" என்று ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள். நான் அங்கேயிருந்துதான் தொடங்கப் போகிறேன். மற்றவை காத்திருக்கலாம். பீசாங் கோரேங்கைக் கிச்சாப்பில் தொட்டுச் சாப்பிட்டதற்காக யாரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டி வராது.

ருசிக்காக இரண்டு உணவுகளைச் சேர்த்துத் தின்பதும், வேகாத அரிசிக்காக மனம் அடித்துக்கொள்வதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு மருத்துவத்தில் பைக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மண், சாம்பல், சாக்கட்டி, பச்சை மாவு, வேகாத அரிசி, ஐஸ் கட்டி என்று ஆளுக்கு ஆள் மாறும். நம் பெண்களிடம் விபூதியும் இந்த வரிசையில் வரும். பிள்ளைத்தாய்ச்சி சாம்பல் தின்றால் மசக்கை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவது நம் வழக்கம். ஆனால் இந்த ஏக்கத்துக்கும் உடம்பில் இரும்புச் சத்து குறைவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பைக்கா இருக்கும் எல்லோருக்கும் இரும்புக் குறைவுதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மாதவிலக்கு நிற்காத வயதில் ஒரு பெண் அரிசியும் மெல்கிறார், ஐஸும் கடிக்கிறார் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. நம் மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேருக்கு இரத்தசோகை. பீடோர் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) உங்களோடு வரிசையில் நிற்கும் பெண்களை அப்படியே எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு டின் இருக்கிறதோ!

ஐஸ் விஷயத்தில் ஒரு சுவையான ஆய்வு 2014-இல் வெளிவந்தது. இரத்தசோகை உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஐஸ் மெல்ல வைத்து, கவனத்தைச் சோதிக்கும் ஒரு பரீட்சை கொடுத்தார்கள். சோகை உள்ளவர்கள் ஐஸ் மென்ற பிறகு சட்டென்று வேகமாகப் பதில் சொன்னார்கள். மற்றவர்களுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. மத்தியானம் கண் சொருகும் நேரத்தில் உங்கள் கை பிரீசரைத் தேடிப் போகிறதா என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

அப்புறம் இதையும் யோசியுங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? சீப்பில் முடி அதிகமாக வருகிறதா? கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிக் கிடக்கிறதா? மாதவிலக்கில் இரத்தம் கட்டியாகப் போகிறதா, ஓரிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்ற வேண்டியிருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. இந்த வயதில் இரும்பு குறைவதற்கு அதிக உதிரப்போக்குதான் பெரும்பாலும் காரணம். கருப்பையில் கட்டி இருந்தாலும் அப்படிப் போகும். மலம் தார்போலக் கறுத்துப் போனாலும், தலைசுற்றி விழுந்தாலும், கர்ப்பமாக இருக்கலாம் என்று தோன்றினாலும் தள்ளிப்போடாமல் உடனே போய்க் காட்டுங்கள்.

சரி, எங்கே போவது? அரசாங்கக் கிளினிக்கே போதும். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். அங்கே போய் "அசதியாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அசதி இல்லாத ஆளே கிளினிக்குக்கு வருவதில்லை. அரிசி தின்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் "சாயா சுக்கா மாக்கான் பெராஸ் மெந்தா" என்றால் விஷயம் புரிந்துவிடும். அவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்கு இது ஒரு துப்பு.

முழு இரத்தப் பரிசோதனையோடு ஃபெரிட்டின் அளவையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை. ஃபெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் கணக்கு. அது 15-க்குக் கீழே என்றால் கையிருப்பு காலி. ஹீமோகுளோபின் ஒழுங்காக இருந்து கையிருப்பு மட்டும் தீர்ந்துபோயிருப்பதும் உண்டு. அதனால்தான் இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

பரிசோதனைக்கு முன்பே மருந்துக்கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். நம் நாட்டில் தலசேமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் இரத்தச் சிவப்பணுக்கள் சிறிதாகத்தான் தெரியும், ஆனால் இரும்பு குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. எது என்று தெரிந்துகொண்டு மருந்து எடுப்பதுதான் முறை.

இரும்பு மாத்திரை கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், வயிறு கொஞ்சம் இறுகும். பயந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். பலரும் நிறுத்துவது இந்த இடத்தில்தான். இரத்தம் தேறிய பிறகும் கையிருப்பு நிரம்புவதற்காகப் பொதுவாக மேலும் மூன்று மாதம் சாப்பிடச் சொல்வார்கள். மாத்திரையை மகனுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பெரியவர்களுக்கு மருந்தாகும் இரும்பு, பிள்ளைகள் மிட்டாய் என்று நினைத்து அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சாப்பாட்டில் மாற்ற வேண்டியதில் முதல் வேலை, சோற்றையும் தேநீரையும் பிரிப்பது. பசியாறும்போதும் மத்தியானச் சோறு முடிந்த கையோடும் ஒரு தே தாரேக் குடிப்பது நம் வீடுகளில் சாதாரணம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவில் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. கோப்பியும் அப்படித்தான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், போதும். ஈரல், நெத்திலி, கோழியின் கால் கறி, பருப்பு, முருங்கைக்கீரை இதெல்லாம் தட்டில் அடிக்கடி வரட்டும். கர்ப்பம் என்றால் மட்டும் ஈரலைத் தவிர்த்துவிடுங்கள், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு உடம்பில் ஒட்ட வைட்டமின் சி வேண்டும். அதற்கு நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம். ஊரே கொய்யாவுக்குப் பேர்போன ஊர். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சில் இருப்பதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. சோறு சாப்பிட்டதும் தேநீருக்குப் பதிலாக ஒரு கொய்யா. நாத்தனார் சிரித்த தட்டிலேயே உங்களுக்கு வேண்டியது இருக்கிறது.

அதுவரை அரிசி டின்னை என்ன செய்வது? இரும்பு ஏறத் தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு இந்த ஏக்கம் சில வாரங்களில் தானாகக் குறைந்துவிடும், இரத்தத்தின் அளவு முழுவதும் சரியாவதற்கு முன்பே. அதனால் மனஉறுதி இல்லையே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் வேகாத அரிசி பல்லை உடைக்கும், வயிற்றைக் கட்டும், சோற்றுக்கு உள்ள பசியைக் கெடுக்கும். ஐஸும் பல்லுக்கு எதிரிதான். கடிக்க வேண்டும் என்ற வெறி வரும்போது பொரி, வறுத்த கொண்டைக்கடலை என்று எதையாவது எடுங்கள். ஈப்போ புந்தோங்கில் நம்மவர்கள் போடும் கச்சாங் பூத்தே ஒரு பாக்கெட் வாங்கி அந்த டின்னிலேயே கொட்டி வைத்துக்கொள்ளலாம். கணவரிடம் சொல்லிவிடுங்கள். கிளினிக்குக்கு அவரே வண்டியில் கொண்டுபோய் விடட்டும்.

இனி நாத்தனாருக்கு வருவோம். ரொட்டி சானாயில் சீஸைத் துருவிப் போட்டு, மைலோ ஐஸின்மேல் இன்னொரு கரண்டி மைலோவைக் குவித்து அதற்கு டைனோசர் என்று பெயரும் வைத்திருக்கிற ஊரிலிருந்து வந்தவர் உங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்! ஐஸ் கச்சாங்கில் சிவப்பு பீன்ஸும் மக்காச்சோளமும் கிடப்பதைப் பார்த்து இந்த நாட்டில் யாராவது முகம் சுளிக்கிறார்களா? பழகியது ருசி, பழகாதது வேடிக்கை, அவ்வளவுதான். இட்லிக்குச் சீனி, அடைக்கு வெல்லம், தயிர்ச்சோற்றுக்கு மாம்பழம் என்று நாமும் காலங்காலமாகச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

உப்பும் பழமும் சேருவதற்கு நாக்கிலேயே காரணம் இருக்கிறது. உப்பு கசப்பை அடக்கும். கசப்பு அடங்கியதும் அதுவரை அதன் கீழே அமுங்கியிருந்த இனிப்பு மேலே வரும். 1997-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அன்னாசியில் உப்பு, கொய்யாவில் அசாம்போய் என்று நம் வீட்டுக் கிழவிகள் செய்துவந்தது அதைத்தான். இந்தியச் சமையலைப் பற்றி ஜோத்பூர் ஐஐடியில் 2015-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செய்முறைகளைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது, ஒரே மாதிரி மணமுள்ள பொருட்களைச் சேர்ப்பதைவிட, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருட்களைச் சேர்ப்பதுதான் நம் சமையலின் குணம் என்று தெரிந்தது. பொருந்தாததைப் பொருத்துவது நம் கைப்பழக்கம். அசாம்போய்த் தூளில் உப்பும் சீனியும் இருப்பதால் பழத்தை அதில் புரட்டாமல் நுனியில் தொட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

மாமியாரின் பீசாங் கோரேங்கை ஜொகூரில் அப்படித்தான் சாப்பிடுவார்கள், அதில் வேடிக்கை ஒன்றுமில்லை. கிச்சாப் சம்பலைவிட, மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம்தான் இனிப்புநீருக்குக் கணக்கு. ஒரு சின்னத் துண்டு, அதுவும் மற்ற மாவுப் பண்டங்களைக் குறைத்துக்கொண்ட நாளில். கிச்சாப்பிலும் ஒரு கண் இருக்கட்டும். ஒரு மேசைக்கரண்டி சாதாரணக் கிச்சாப்பில் 900 மில்லிகிராமை ஒட்டிச் சோடியம் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் அளவே 2,000-க்குள்தான். இனிப்புக் கிச்சாப் என்றால் சீனியும் சேர்ந்துகொள்ளும்.

இனிப்பு, உப்பு, காரம் மாறி மாறி வரும் தின்பண்டங்களில் வேறொரு சிக்கல். ஒரே ருசியைத் தின்றுகொண்டே போனால் நாக்குக்கு அது சலித்துவிடும், ஆனால் வேறு ருசி வந்ததும் பசி மறுபடி திறந்துகொள்ளும். 1981-இல் பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதை ஆராய்ந்து எழுதினார்கள். தீபாவளிக்கு முறுக்கு, அப்புறம் ஒரு லட்டு, திரும்ப முறுக்கு என்று தட்டு காலியாவது இப்படித்தான். ஆகவே தொட்டுக்கொள்வதற்குத் தடையில்லை, எத்தனை துண்டு என்பதை மட்டும் முதலிலேயே தட்டில் வைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

மகளின் மேகி வேகாத பொருள் இல்லை. தொழிற்சாலையிலேயே ஆவியில் வேகவைத்து எண்ணெயில் பொரித்துத்தான் பாக்கெட்டில் போடுகிறார்கள். மாமி மான்ஸ்டர் என்ற நூடுல்ஸ் தீனியை நொறுக்கித் தின்றே இந்த நாட்டில் ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. தொல்லை அந்த மசாலாத் தூளில். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் என்ற வரியைப் பாருங்கள், பலவற்றில் 1,000 மில்லிகிராமை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். பாதித் தூளைக் கொட்டிவிடட்டும், வாரத்துக்கு ஒருமுறை என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் மேகி மத்தியானச் சோற்றுக்குப் பதிலாக நடக்கிறதா என்று பாருங்கள். மாதவிலக்கு வந்துவிட்ட பெண்பிள்ளை, அவளுக்கும் இரும்பு வேண்டும். உங்கள் முடிவு குறைவாக வந்தால் அவளையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது.

மகன் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. உங்கள் வீட்டுச் சேர்க்கைகளில் எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான். ஒரு மேசைக்கரண்டி டின்பாலில் பாதிக்கு மேல் சீனி, அதாவது சுமார் 11 கிராம். மைலோத் தூளிலும் சீனி உண்டு. ரொட்டி இரண்டு துண்டானால் டின்பாலும் இரண்டு கரண்டியாகிவிடும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்குச் சீனி 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 9 வயதுப் பையனுக்கு அதிலும் குறைவு. பாட்டிக்கு இனிப்புநீர் இருக்கும் குடும்பம் வேறு. டின்பாலை நிறுத்துங்கள். ரொட்டியில் கச்சாங் (வேர்க்கடலை) வெண்ணெயோ வாழைப்பழமோ தடவிவிட்டு, மேலே ஒரு சிட்டிகை மைலோ தூவிக் கொடுங்கள். தூவுவதுதான் அவனுக்குச் சந்தோஷம், அதைப் பிடுங்க வேண்டாம்.

கணவரின் டுரியான் சோற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலாய்க் கிராமங்களில் சகஜமாகச் சாப்பிடுவது. சோறும் மாவுச்சத்து, டுரியானிலும் அது ஏராளம், தேங்காய்ப்பாலில் கொழுப்பு. ஆகவே அன்றைக்குச் சோற்றைப் பாதியாக்கி, அடுத்த வேளையை இலேசாக முடித்துக்கொள்ளட்டும். பீர் விஷயத்தில் மாமியார் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. குடித்த மதுவிலிருந்து உண்டாகும் நச்சுப்பொருளை உடைக்க ஈரலில் ஒரு நொதி உண்டு. டுரியானின் கந்தகச் சத்து அந்த நொதியை எழுபது சதவீதம் வரை அடக்கியதை ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் 2009-இல் கண்டார்கள். அது ஆய்வுக்கூடத்தில் நடந்த சோதனை, மனிதர்களைக் குடிக்க வைத்துப் பார்த்ததல்ல. ஆள் போய்விடுவார் என்று நான் சொல்லமாட்டேன். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வர வாய்ப்புண்டு. டுரியான் தின்ற அன்றைக்கு பீர் வேண்டாம் என்று மாமியார் போட்ட சட்டம் அப்படியே இருக்கட்டும்.

மீன்-தயிர் விஷயத்தில் அவர் சொல்வது சரியில்லை. வெண்குஷ்டம் என்று அவர் சொல்லும் வெண்புள்ளி உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலுக்கு நிறம் தரும் அணுக்களைத் தாக்குவதால் வருவது. எந்த இரண்டு உணவைச் சேர்த்தாலும் அது வராது, ஒருவர் தொட்டு இன்னொருவருக்கு ஒட்டவும் செய்யாது. வங்காளிகள் தயிரிலேயே மீனைச் சமைக்கிறார்கள். மீன் தின்றபின் முகம் சிவந்து தடித்துப்போனால் அதற்குத் தயிரைக் குற்றம் சொல்ல முடியாது. தோங்கோல் (சூரை), கெம்போங் (கானாங்கெளுத்தி) போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் அவற்றில் ஊறிவிடும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. சாயங்காலம் முழுக்க ஐஸ் இல்லாமல் பலகையில் கிடந்ததை, மலிவாகத் தருகிறார்கள் என்று கடைசி நேரத்தில் வாங்காதீர்கள். நல்ல மீனாக இருந்தால் குழம்பும் தயிரும் ஒரே தட்டில் இருக்கட்டும்.

இரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.